நடுவயதில் நீச்சலுக்குத் திரும்புகிறவர்கள் தொடங்க வேண்டிய முறை

சிறுவயதில் கிணற்றிலோ கண்மாயிலோ ஆற்றிலோ நீந்தப் பழகி, பிறகு படிப்பு, வேலை, குடும்பம் என்று இருபது முப்பது ஆண்டுகள் தண்ணீர்ப் பக்கமே போகாமல் இருந்துவிட்டு, நாற்பதைத் தாண்டிய பின் மருத்துவர் சொன்னதன் பேரிலோ மூட்டுவலியின் காரணமாகவோ நீச்சல் குளத்துக்கு வருகிறவர்களை இன்று நம் நகரங்களில் நிறையவே பார்க்கலாம். அவர்களில் பலர் முதல் நாளே ஒரு கரையிலிருந்து மறு கரைவரை வேகமாக நீந்த முயன்று, பாதித் தூரத்தில் மூச்சு வாங்கி, இனி இது நமக்குச் சரிப்படாது என்று முடிவுகட்டி, கட்டிய மாதக் கட்டணத்தையும் விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். இந்த இழப்பு தேவையே இல்லாதது. நீச்சலை உடம்பு மறப்பதில்லை என்பது உண்மைதான்; ஆனால் உடம்புக்கு நினைவிருப்பது கைகால்களின் அசைவு மட்டுமே. பதினைந்து வயதில் இருந்த மூச்சும் தோளின் இளக்கமும் நினைவைக் கொண்டு திரும்பி வருவதில்லை. அவற்றைப் புதிதாகத்தான் சம்பாதிக்க வேண்டும். ஆகவே முதல் ஒரு மாதத்தைத் தூரத்துக்காகச் செலவிடாமல், மூச்சுக்கும் நீரில் உடல் கிடக்கும் விதத்துக்கும் கொடுத்துவிடுங்கள் என்பதே நான் சொல்ல வருவது. இனி வரும் அனைத்தும் அதற்கான வழிமுறைகள்தான்.

நீச்சல் எதைத் தரும், எதைத் தராது

இடுப்பளவு நீரில் நிற்கும்போது கால்கள் தாங்குவது நம் எடையில் ஏறத்தாழப் பாதிதான்; மார்பளவு நீரில் அது மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடுகிறது. முழங்கால் தேய்மானம் உள்ளவர்களும், உடல் எடை மிகுந்து நடைப்பயிற்சியே வேதனையாகிவிட்டவர்களும், மூட்டுகளை வருத்தாமல் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் வேலை கொடுக்க நீர் இடமளிக்கிறது என்பது இதனால்தான். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடங்கள் மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவில் பெரும்பகுதியை வாரம் மூன்று நாள் நீச்சலால் நிறைவேற்றிவிடலாம்.

ஆனால் இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். மூட்டுக்குச் சுமை இல்லை என்றால் எலும்புக்கும் சுமை இல்லை என்றுதான் பொருள். எலும்பின் அடர்த்தி காக்கப்படுவது எடை தாங்கும் பயிற்சிகளால் என்பதால், குறிப்பாக மாதவிடாய் நின்ற பெண்கள், நீச்சல் மட்டுமே போதும் என்று இருந்துவிடாமல் நடை, மாடிப்படி ஏறுதல், சிறிய எடைகளைத் தூக்குதல் ஆகியவற்றையும் வாரத்தில் இரண்டு நாளாவது சேர்த்துக்கொள்ள வேண்டும்.

குளத்தில் இறங்குமுன் மருத்துவரைப் பார்க்க வேண்டியவர்கள் யார் என்பதில் தயக்கம் வேண்டாம். கழுத்தளவு நீரில் நிற்கும்போதே நீரின் அழுத்தம் கால்களிலுள்ள இரத்தத்தை மார்புப் பகுதிக்குத் தள்ளுகிறது. இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதலான இரத்தத்தைக் கையாள வேண்டியிருக்கிறது. நல்ல இதயத்துக்கு இது ஒரு பொருட்டல்ல. ஆனால் மாரடைப்பு வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள், கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம் உள்ளவர்கள், மாடி ஏறினால் நெஞ்சு இறுகுகிறது என்பவர்கள் ஆகியோர் இதயநோய் மருத்துவரின் ஒப்புதல் இல்லாமல் நீந்தக் கூடாது. வலிப்பு நோய் உள்ளவர்கள் மருத்துவர் அனுமதித்தாலும்கூட, அந்த நோயைப் பற்றித் தெரிந்த ஒருவர் அருகில் கண்காணிக்காமல் ஒருபோதும் நீரில் இறங்கலாகாது. இன்சுலினோ சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ எடுத்துக்கொள்பவர்கள், நீந்துமுன் சர்க்கரையின் அளவைப் பார்த்துக்கொண்டு, குளக்கரையில் குளுக்கோஸ் பொட்டலம் ஒன்றைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருக்க வேண்டும். தாழ்சர்க்கரையால் வரும் படபடப்பும் களைப்பும் நீந்துகிற களைப்பைப் போலவே தோன்றும் என்பதால் நீருக்குள் அதை அடையாளம் காண்பது கடினம். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் குளத்தின் விளிம்புவரை செருப்போடு செல்வது நல்லது. மாலை நான்கு மணிக்கும் கொதித்துக்கொண்டிருக்கும் சிமென்ட் தரை கொப்புளம் எழுப்பிய பிறகுதான் அவர்களுக்குத் தெரிய வரும்.

குளமும் உடைமையும்

சென்னையில் இருப்பவர்களுக்கு, 1995ஆம் ஆண்டு நடந்த தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளுக்காகக் கட்டப்பட்ட வேளச்சேரி நீச்சல் வளாகம், மெரினா கடற்கரையிலுள்ள மாநகராட்சிக் குளம் எனப் பொதுக் குளங்கள் உண்டு. வேறு பல ஊர்களில் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் அரங்குகளில் குளங்கள் இருக்கின்றன. தனியார் குளங்களும் பள்ளி, கல்லூரிக் குளங்களும் இப்போது பெருகிவிட்டன. சேருமுன் ஒருமுறை நேரில் சென்று பாருங்கள். ஆழமான பகுதியின் அடித்தரையிலுள்ள வடிகால் மூடி மேலிருந்து தெளிவாகத் தெரிய வேண்டும்; தெரியாவிட்டால் அந்தத் தண்ணீரில் இறங்க வேண்டாம், ஏனெனில் அங்கே மூழ்குகிற ஒருவரையும் யாராலும் பார்க்க முடியாது. மூக்கைத் துளைக்கும் குளோரின் நெடி அடித்தால் தண்ணீர் சுத்தமாக இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அந்த நெடி, குளோரின் நம் வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து உண்டாகும் குளோரமின்களிலிருந்து வருவது; கண்ணைச் சிவக்க வைப்பதும் இருமலைக் கிளப்புவதும் பெரும்பாலும் அவையே. பராமரிப்புள்ள குளத்தில் நெடி குறைவாகவே இருக்கும். இதில் நம் பங்கும் இருக்கிறது: இறங்குமுன் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வருவது அடுத்தவருக்குச் செய்யும் மரியாதை மட்டுமன்று, நம் கண்ணுக்கே செய்துகொள்ளும் நன்மையுமாகும்.

உயிர்காப்பாளர் பணியில் இருக்கிறாரா, அவருடைய பார்வை குளத்தின் மேல் இருக்கிறதா அல்லது கைப்பேசியின் மேல் இருக்கிறதா என்பதையும் அன்றே கவனித்துக்கொள்ளுங்கள். 25 மீட்டர் குளம் கிடைத்தால் தொடக்கத்துக்கு அதுவே நல்லது. 50 மீட்டர் குளம்தான் உண்டென்றால் சுவரை ஒட்டிய லேனைத் தேர்ந்தெடுங்கள். மூச்சு முட்டினால் கையை நீட்டி விளிம்பைப் பிடித்துக்கொள்ளலாம் என்ற உறுதி இருக்கும்போதுதான் உடல் இறுக்கம் தளரும். அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வளைந்த சிறு குளங்கள் மூச்சுப் பயிற்சிக்குப் போதும், நீந்துவதற்குப் போதாது.

உடைமை என்று பெரிதாக ஒன்றும் தேவையில்லை. பருத்தித் துணி நீரைக் குடித்துக் கனப்பதால் எந்தக் குளத்திலும் அதை விடமாட்டார்கள். நைலான் அல்லது பாலியெஸ்டர் நீச்சலுடை வேண்டும். பெண்களுக்கு முழங்கால்வரையும் கணுக்கால்வரையும் முழுக்கை வைத்தும் நீச்சலுடைகள் எல்லா விளையாட்டுப் பொருள் கடைகளிலும் கிடைக்கின்றன. உடையைப் பற்றிய கூச்சத்தால் இந்தப் பயிற்சியையே விட்டுவிடத் தேவையில்லை. பல குளங்களில் பெண்களுக்கென்று தனி நேரமும் ஒதுக்கப்படுகிறது. மாதவிடாய் நாட்களில் கப் அல்லது டாம்பன் பயன்படுத்துபவர்கள் தடையின்றி நீந்தலாம்.

செலவு செய்ய வேண்டிய ஒரே பொருள் நீச்சல் கண்ணாடி. வாரைத் தலையில் மாட்டாமல் கண்ணாடியை மட்டும் கண்குழியில் வைத்து மெல்ல அழுத்திக் கையை எடுத்தால், ஒன்றிரண்டு நொடிகளாவது அது தானாக ஒட்டி நிற்க வேண்டும். அப்படி நிற்காத கண்ணாடியை எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் தண்ணீர் உள்ளே வரும், கண்ணைச் சுற்றி வலிதான் மிஞ்சும். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்குப் பவர் வைத்த நீச்சல் கண்ணாடிகளே கிடைக்கின்றன. கான்டாக்ட் லென்ஸோடு நீந்தவே கூடாது. தண்ணீரிலுள்ள அமீபா லென்ஸுக்கும் விழிக்கும் இடையில் தங்கி, பார்வையைப் பறிக்கக்கூடிய தொற்றை உண்டாக்கும்.

முதலில் மூச்சு

திரும்பி வருகிறவர்கள் 25 மீட்டருக்குள் தளர்ந்துபோவதற்குக் காரணம் நெஞ்சில் வலு இல்லாமை என்று அவர்களே நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலானவர்களிடம் நான் பார்ப்பது வேறு: முகம் நீருக்குள் இருக்கும்போது அவர்கள் மூச்சை அடக்கி வைத்திருக்கிறார்கள். பிறகு தலையை வெளியே எடுத்த அரை நொடிக்குள் பழைய காற்றை விடவும் புதிய காற்றை இழுக்கவும் முயல்கிறார்கள். அது நடக்காத காரியம். காற்று முழுதாக வெளியேறாததால் கரியமில வாயு உடலில் தேங்குகிறது. மூச்சு முட்டும் உணர்வைத் தருவது பிராணவாயுவின் குறைவைவிட இந்தத் தேக்கம்தான். போதாக்குறைக்கு, நீர் மார்பைச் சுற்றிலும் அழுத்துவதால் தரையில் இழுப்பதைவிடச் சற்று முயன்றே மூச்சை இழுக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே முதல் வாரத்தின் பாடம் நீருக்குள் மூச்சை விடுவதுதான். மார்பளவு நீரில் நின்று, விளிம்பை இரு கைகளாலும் பிடித்து, வாயால் சாதாரணமாக மூச்சை இழுத்து, முகத்தை நெற்றிவரை நீருக்குள் வையுங்கள். உள்ளே 'ம்' என்று நீளமாக முனகுங்கள். முனகும்போது காற்று மூக்கு வழியாகத் தானே வெளியேறும். மூக்கில் தண்ணீர் ஏறாது. குமிழிகள் கன்னத்தை உரசிக்கொண்டு மேலே போவது தெரியும். காற்று முடியும் தறுவாயில் மீதியை வாயால் ஊதித் தள்ளிவிட்டு, முகத்தை எடுத்து, மீண்டும் வாயால் இழுங்கள். இப்படி இருபது முறை இடைவிடாமல், அவசரமில்லாமல் செய்ய முடிந்தால், அடுத்து முகத்தை நேரே தூக்காமல் ஒரு பக்கமாகத் திருப்பி மூச்சு வாங்கப் பழகுங்கள். ஒரு காது நீருக்குள்ளேயே இருக்க வேண்டும். கண்ணாடியின் ஒரு வில்லை நீருக்குள்ளும் மற்றொன்று வெளியிலும் இருந்தால் தலை சரியான அளவு திரும்பியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

எத்தனை கைவீச்சுக்கு ஒரு மூச்சு என்ற கேள்வி எழும். மூன்று வீச்சுக்கு ஒருமுறை, இரு பக்கமும் மாற்றி மாற்றி மூச்சு வாங்க வேண்டும் என்று பயிற்சியாளர்கள் சொல்வதுண்டு. தோள்கள் சமமாக உழைக்கும் என்பதால் அது நல்ல பழக்கமே. ஆனால் நீண்ட காலம் கழித்து வருகிறவருக்கு முதலில் வேண்டியது போதுமான காற்று. இரண்டு வீச்சுக்கு ஒரு மூச்சு தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். போகும்போது வலப்பக்கம், வரும்போது இடப்பக்கம் என்று மாற்றிக்கொண்டால் சமநிலையும் கெடாது.

உடல் நீரில் கிடக்கும் விதம்

கிணற்றில் பழகியவர்களுக்கு ஒரு பெரிய சொத்து உண்டு. இடுப்பில் கயிறு கட்டியோ முதுகில் சுரைக்குடுக்கை கட்டியோ, கால் எட்டாத ஆழத்தில்தான் அவர்கள் முதல்முதலாக மிதந்தார்கள் என்பதால் ஆழத்தைக் கண்டு அவர்களுக்குப் பயமில்லை. நகரத்தில் வளர்ந்தவர் மாதக்கணக்கில் பாடுபட்டுப் பெறும் துணிச்சல் அது. ஆனால் அதே கிணறு ஒரு பழக்கத்தையும் கற்றுக்கொடுத்திருக்கிறது. எதிரே இருக்கும் படியைப் பார்த்துக்கொண்டும், மேலிருந்து குதிப்பவர்களைக் கவனித்துக்கொண்டும் தலையை நீருக்கு வெளியே நிமிர்த்தியே நீந்துவார்கள். பத்தடி அகலக் கிணற்றில் அதனால் ஒரு குறையும் இல்லை. குளத்தில் 25 மீட்டர் போகும்போதுதான் அதன் விலை தெரிகிறது. தலை மேலே எழும்பினால் இடுப்பும் தொடையும் கீழே இறங்கும். இறங்கிய கால்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டுதான் கைகள் முன்னேற வேண்டும். தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது என்பதை நினைத்துப் பார்த்தால், சாய்வாகக் கிடக்கும் உடலை அதற்குள் தள்ளுவது எவ்வளவு வீண் உழைப்பு என்று புரியும்.

மாற்றம் எளியதே, பழகத்தான் நாளாகும். குளத்தின் தரையில் ஒவ்வொரு லேனுக்கும் நடுவே ஓடும் கறுப்புக் கோட்டைப் பாருங்கள். பார்வை நேர்கீழே, அல்லது ஓரடி முன்னால் இருக்கட்டும்; பின்கழுத்தில் மடிப்பு விழாதபடி கழுத்து நீண்டிருக்கட்டும். மார்பைச் சிறிது கீழே அழுத்துவதாக எண்ணிக்கொண்டால் இடுப்பு தானே மேலே வரும். இதை நீந்தாமலேயே முதலில் செய்து பார்க்கலாம்: சுவரை இரு கால்களாலும் உதைத்து, கைகளை முன்னே நீட்டி, முகத்தை நீருக்குள் வைத்து, எந்த அசைவும் இல்லாமல் எவ்வளவு தூரம் வழுக்கிச் செல்கிறீர்கள் என்று பாருங்கள். தலையை நிமிர்த்தி ஒருமுறையும் கவிழ்த்து ஒருமுறையும் செய்தால் வேறுபாடு உடனே தெரிந்துவிடும். எந்தப் பயிற்சியாளரின் விளக்கத்தையும்விட இந்த ஒரு சோதனை நன்றாகப் புரியவைக்கும்.

கால்களைப் பற்றிச் சொல்லும்போது, உதைப்பது முழங்காலிலிருந்து அல்ல, இடுப்பிலிருந்து என்பதை நினைவில் வைக்க வேண்டும். முழங்காலை மடக்கி மிதிவண்டி மிதிப்பதுபோல் உதைப்பவர்கள் முன்னேறுவதற்குப் பதிலாக வேகத்தைக் குறைத்துக்கொள்கிறார்கள். நடுவயதில் கணுக்கால் விறைத்துப்போயிருப்பது இதற்கு முக்கியக் காரணம். பாதம் நீண்டு மடங்காவிட்டால் உதை நீரைப் பின்னுக்குத் தள்ளாது. முழங்கால் வலி இல்லாதவர்கள் வீட்டில் தினமும் ஓரிரு நிமிடம் வஜ்ராசனத்தில் உட்கார்ந்து வந்தால் கணுக்கால் மெல்ல இளகும். நீண்ட தூரம் நீந்துபவருக்குப் பலமான உதை தேவையே இல்லை. கால்கள் கீழே இறங்காமல் இருக்கும் அளவுக்கு மென்மையாக அசைத்தால் போதும். தொடையின் பெரிய தசைகள் பிராணவாயுவை வாரிக் குடிப்பவை என்பதால், காலை ஓங்கி உதைக்க உதைக்க மூச்சுதான் முதலில் தீரும்.

தோள், முழங்கால்

உற்சாகமாகத் தொடங்கிய பலரை இரண்டாவது மாதத்தில் நிறுத்திவிடுவது தோள்வலி. மேசைக்கு முன் குனிந்து உட்கார்ந்தே பழகிய தோள்கள் முன்னோக்கிச் சுருண்டிருக்கின்றன. அந்த நிலையில் கையைத் தலைக்கு மேலே நூற்றுக்கணக்கான முறை வீசினால் தோள்மூட்டின் தசைநாண்கள் எலும்புக்கிடையே உரசி வீங்குகின்றன. கை நீருக்குள் இறங்கும்போது கட்டைவிரல் முதலில் இறங்காமல், உள்ளங்கை கீழ்நோக்கியிருக்க விரல்நுனிகள் முதலில் இறங்க வேண்டும். தலைக்கு நேர் எதிரே நடுக்கோட்டைக் கடந்து இறங்காமல் தோளுக்கு நேராக இறங்க வேண்டும். உடல் தட்டையாகவே கிடக்காமல் ஒவ்வொரு வீச்சுக்கும் இடுப்போடு சேர்ந்து சற்றே பக்கவாட்டில் உருள வேண்டும். கையில் மாட்டும் பேடில்களை முதல் ஆறு மாதம் தொடவே வேண்டாம். தோளின் முன்பக்கத்தில் குத்தும் வலி வந்தால் அன்று கைவீச்சை நிறுத்திவிட்டு, கிக் போர்டை (பிடித்துக்கொண்டு உதைக்க உதவும் மிதவைப் பலகை) கையை நீட்டிப் பிடிக்காமல் மார்போடு அணைத்தபடி மல்லாந்து உதைத்துப் பயிற்சியை முடியுங்கள். வலியைப் பொறுத்துக்கொண்டு நீந்துவதில் எந்தப் பெருமையும் இல்லை. ரப்பர் பட்டையைக் கதவில் கட்டி, முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, முன்கையை வெளிப்பக்கம் இழுக்கும் பயிற்சியை வாரம் மூன்று நாள் செய்து வந்தால் தோளைப் பிடித்திருக்கும் சிறு தசைகள் வலுப்படும்.

முழங்காலின் உட்பக்கம் வலி உள்ளவர்கள் பிரெஸ்ட் ஸ்ட்ரோக் எனப்படும் தவளை நீச்சலைத் தள்ளி வைப்பது நல்லது. அதன் சுழற்றி உதைக்கும் அசைவு உட்பக்கத் தசைநாரை இழுக்கிறது. முட்டிவலிக்கு நீச்சல் நல்லது என்று கேள்விப்பட்டு வந்து, தெரிந்த ஒரே நீச்சல் என்பதால் இதையே நாள்தோறும் நீந்தி வலியைக் கூட்டிக்கொள்பவர்கள் உண்டு. கழுத்து வலி உள்ளவர்களுக்கும் மூச்சு இன்னும் பிடிபடாதவர்களுக்கும் மல்லாந்து நீந்துவதைவிட நல்ல இளைப்பாறல் இல்லை.

ஒரு நாள் பயிற்சி

வாரத்துக்கு மூன்று நாள், ஒன்றுவிட்டு ஒருநாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் நீந்துவதைவிட, மூன்று நாள் அரைமணி நேரம் நீந்துவது பன்மடங்கு மேல். நீரின் பிடி கைக்குப் பழகுவது அடிக்கடி இறங்குவதால்தான். முதல் இரண்டு வாரங்களில் அந்த அரைமணி நேரம் ஏறத்தாழ இப்படிப் போகலாம்.

கரையிலேயே தோள்களைச் சுழற்றி, கைகளை உயர்த்தி இறக்கி ஐந்து நிமிடம் உடலைச் சூடாக்கிக்கொள்ளுங்கள். இறங்கியதும் முன்சொன்ன மூச்சுப் பயிற்சி இருபது முறை. பிறகு சுவரை உதைத்து வழுக்கிச் செல்வது ஐந்தாறு முறை. அதன் பின் 25 மீட்டர் மெதுவாக நீந்தி, சுவரைப் பிடித்து நின்று, மூச்சு சீராகும்வரை இளைப்பாறுங்கள். முக்கால் நிமிடம் ஆகலாம், ஒரு நிமிடமும் ஆகலாம். இப்படி நான்கு முறை. அடுத்து கிக் போர்டைப் பிடித்து 25 மீட்டர் இரண்டு முறை, மல்லாந்து 25 மீட்டர் இரண்டு முறை. மீண்டும் 25 மீட்டர் ஃப்ரீஸ்டைல், அதாவது குப்புறக் கிடந்து கைகளை மாற்றி மாற்றி வீசி நீந்துவது, ஆறு முறை. இதில் ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு விஷயத்தில்தான் கவனம் இருக்க வேண்டும். முதலாவதில் குமிழி, அடுத்ததில் பார்வை, அதற்கடுத்ததில் கை இறங்கும் இடம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒருசேர நினைத்துக்கொண்டு நீந்தினால் எதுவும் திருந்தாது. கடைசியில் மிக மெதுவாக இரண்டு முறை. மொத்தம் 400 மீட்டர். களைப்பே தெரியாமல் வெளியே வந்தால் அதைக் குறையாக எண்ண வேண்டாம். அந்த மாதத்தின் நோக்கமே அதுதான்.

உழைப்பின் அளவைக் கைக்கடிகாரம் காட்டும் இதயத்துடிப்பைக் கொண்டு முடிவுசெய்ய வேண்டாம். நீரில் துடிப்பு தரையில் இருப்பதைவிட நிமிடத்துக்குப் பத்து வரை குறைவாகவே காட்டும். சில இரத்த அழுத்த மாத்திரைகளும் துடிப்பைக் குறைக்கும். சுவரைப் பிடித்ததும் பக்கத்து லேனில் நிற்பவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் அளவு சரி. இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வேகம் அதிகம்.

மூன்றாவது வாரத்திலிருந்து மொத்தத் தூரத்தை வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு என்ற அளவில் கூட்டி வரலாம். 400 மீட்டரில் தொடங்குபவர் அப்படியே போனால் மூன்று மாத முடிவில் 1000 மீட்டரை எட்டிவிடுவார். தூரம் கூடக் கூட, 25 மீட்டர் துண்டுகளை 50 ஆகவும் பிறகு 100 ஆகவும் நீட்டுங்கள். முன்னேற்றத்தை அறிய இரண்டு அளவுகள் போதும். ஒன்று, 25 மீட்டரைக் கடக்க எத்தனை கைவீச்சு ஆகிறது என்பது. 28 ஆக இருந்தது அதே வேகத்தில் 23 ஆகக் குறைந்தால், உடல் நீரில் நேராகக் கிடக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். இரண்டு, இளைப்பாறும் நேரம். ஒரு நிமிடம் தேவைப்பட்ட இடத்தில் இருபது விநாடி போதுமென்றால் இதயமும் நுரையீரலும் தேறிவிட்டன. வேகத்தை இவற்றுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். போட்டியில் நாட்டம் வருபவர்களுக்கு 25 வயதிலிருந்து ஐந்தைந்து ஆண்டுப் பிரிவுகளாக நடக்கும் மாஸ்டர்ஸ் நீச்சல் போட்டிகள் இருக்கின்றன. அறுபதிலும் எழுபதிலும் அவற்றில் நீந்துகிறவர்கள் உண்டு.

உணவு, தோல், காது

விடிகாலையில் நீந்துபவர்கள் வெறும் வயிற்றோடு போகாமல் ஒரு வாழைப்பழம் தின்றுவிட்டுப் போகலாம். முழுச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மணி நேரமாவது விடுங்கள். நீருக்குள் வியர்ப்பது தெரியாது என்பதால் தாகமும் தெரியாது. குளக்கரையில் தண்ணீர்ப் பாட்டிலை வைத்துக்கொண்டு இடையிடையே குடியுங்கள். குளிர்ந்த நீரிலிருந்து ஏறியதும் வழக்கத்தைவிட அதிகமாகப் பசிக்கும். எடை குறைக்க வந்தவர்கள் குளத்துக்கு எதிரிலேயே பொங்கலும் வடையும் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனால், மாதங்கள் கழிந்தும் எடை அசையாததற்குக் காரணம் நீச்சலில் இல்லை.

தலைமுடியைக் குளிக்கும் தண்ணீரில் நன்றாக நனைத்துவிட்டுத் தொப்பி போட்டால் குளோரின் நீரை அது அதிகம் உறிஞ்சாது. ஏறியதும் நன்னீரில் குளித்து, ஈரம் முழுதும் காயுமுன் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டால் தோல் வறண்டு அரிக்காது. நீந்துமுன் எண்ணெய் தடவுவது தண்ணீரைக் கெடுக்கும். காதில் தண்ணீர் நின்றால் தலையைச் சாய்த்து, காதுமடலை மெல்ல இழுத்து வடிய விடுங்கள். பஞ்சுக்குச்சியை விட்டுக் குடைவதால்தான் காதின் தோல் உரிந்து சீழ் பிடிக்கிறது. செவிப்பறையில் துளை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தலையை நீருக்குள் வைக்கக் கூடாது.

கூடவே கூடாதவை

சிறுவயதில் யார் அதிக நேரம் முங்கியிருப்பது என்று போட்டி வைத்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். உள்நீச்சலில் கரையேறிவிட வேண்டும் என்பதற்காக, முங்குமுன் வேகவேகமாகப் பலமுறை மூச்சை இழுத்துவிடுவது மிக ஆபத்தானது. அப்படிச் செய்யும்போது இரத்தத்திலுள்ள கரியமில வாயு குறைந்துவிடுவதால், பிராணவாயு தீர்ந்த பிறகும் மூச்சு வாங்க வேண்டும் என்ற உந்துதல் வருவதில்லை. முன்னறிவிப்பே இல்லாமல் நினைவு தப்பி, நன்றாக நீந்தத் தெரிந்தவரே இடுப்பளவுத் தண்ணீரில்கூட மூழ்கிவிடுகிறார். பிள்ளைகளோடு குளத்துக்குப் போகிறவர்கள் இந்த விளையாட்டை ஆரம்பத்திலேயே தடுத்துவிட வேண்டும்.

குளத்தில் நன்றாக நீந்தத் தொடங்கிய பிறகு, ஊருக்குப் போகும்போது பழைய கிணற்றிலோ ஆற்றிலோ இறங்கிப் பார்க்க மனம் துடிக்கும். அந்த ஆசையில் தவறில்லை. ஆனால் நீங்கள் அறிந்திருந்த ஆறு இப்போது அங்கே இல்லாமல் இருக்கலாம்; மணல் அள்ளிய குழிகள் மேலிருந்து பார்க்கையில் தெரியாது, முழங்காலளவு நீரில் நடந்துகொண்டிருக்கும்போதே ஆளை விழுங்கும் பள்ளங்கள் வந்துவிடும். கைவிடப்பட்ட கல்குவாரிகளில் ஏறி வரப் படியும் இருக்காது, பிடிமானமும் இருக்காது. உள்ளூர்க்காரர் ஒருவரிடம் கேட்காமலும், கரையில் ஒருவர் நிற்காமலும், மது அருந்திய நிலையிலும் இவற்றில் இறங்கவே கூடாது. கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் பதறாமல் மல்லாந்து மிதந்து, கால்விரல்களை முகத்தை நோக்கி இழுத்து நீட்டினால் பிடிப்பு விடும். இதைக் குளத்திலேயே ஒருமுறை ஒத்திகை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

இடையில் நின்றுபோவது எல்லோருக்கும் நேரும். பராமரிப்புக்காகக் குளத்தை மூடுவார்கள், மழைக்காலத்தில் மின்னல் அடித்தால் எல்லோரையும் வெளியேற்றிவிடுவார்கள், காய்ச்சலோ வெளியூர்ப் பயணமோ குறுக்கே வரும். இரண்டு மூன்று வாரம் விட்டுப்போனால் விட்ட இடத்திலிருந்து தொடங்காமல் பாதித் தூரத்திலிருந்து தொடங்குங்கள். இரண்டு வாரத்தில் பழைய அளவு வந்துவிடும். இரண்டு மாதத்துக்கு மேல் இடைவெளி விழுந்துவிட்டால், சுவரைப் பிடித்துக்கொண்டு முனகும் அந்த இருபது மூச்சிலிருந்தே மறுபடி ஆரம்பிக்க வேண்டும்.